மான் படத்துக்குக் கீழே மாட்டிய பட்டியல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும்,

இந்த வெள்ளிக்கிழமையோடு கிள்ளான் டயலிசிஸ் மையத்தில் என் வேலை முடிகிறது. என் கணவருக்கு வேலை மாறியதால் சுங்கை பூலோவுக்குக் குடிபோகிறோம். பத்து வருடம் இங்கே தாதியாக இருந்தேன். போவதற்கு முன் "சேவையும் தியாகமும்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நிர்வாகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெறுகிறவர்கள் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு வயது முப்பத்து மூன்று. கதவைப் பூட்டினேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று மூன்று நாள் யோசித்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. இரண்டு பக்கத்தில் அடங்காது, மன்னியுங்கள்.

இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, ஊசியை எந்தக் கோணத்தில் ஏற்றுவது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது அந்தச் சுவரைப் பற்றி.

முதல் நாளே பார்த்திருப்பீர்கள். நோயாளிகள் படுக்கும் கூடத்தின் சுவர் முழுக்க மூன்று கதைகள். இந்த மையத்தை நடத்துகிறவர்கள் புத்த சமயத்தவர்கள். திறந்த வருடம் தொண்டர்கள் வந்து வரைந்தார்களாம். பசித்தவனுக்கு உணவாகத் தீயில் குதிக்கும் முயல். ஆற்றின் மேல் தன் உடம்பையே பாலமாக நீட்டிக்கொண்டு கூட்டத்தை அக்கரைக்கு அனுப்பும் குரங்கு அரசன். வெட்டுக்கட்டையில் தலையை வைத்திருக்கும் மான் அரசன். நாங்கள் நாற்காலிகளைக்கூட அந்தப் படங்களை வைத்துத்தான் சொல்லுவோம். "முயல் பக்கம் ரெண்டாவது ஆளுக்குப் பிரஷர் பாரு" என்று யாராவது சொன்னால் திகைக்க வேண்டாம்.

நம் டூட்டி பட்டியல் மாட்டியிருப்பது மான் படத்துக்குக் கீழே. அது யாரும் யோசித்துச் செய்ததில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆணி இருந்தது, அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கு மையத்தைத் திறக்க எப்போதும் இரண்டு தாதிகள் வருவோம். ஏன் இரண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இரத்தத்தை வடிகட்டும் டயலைசர் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி. கழுவி, பெயர் எழுதி, மறுபடி அவருக்கே போடுகிறோம். மாட்டுவதற்கு முன் ஒருத்தி பெயரை உரக்கப் படிப்பாள், இன்னொருத்தி ஒட்டியிருக்கும் சீட்டையும் ஆளையும் பார்ப்பாள். இரண்டு ஜோடிக் கண்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குப் போனார்கள். அப்போதிருந்த நிர்வாகி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம், என்னை அழைத்துச் சொன்னார்: "மூணு மாசம் சமாளிங்க சிஸ்டர். காலையில ஒரு ஆள் திறக்கட்டும். எட்டு மணிக்கு மத்தவங்க வந்துடுவாங்க. நாலு பேஷண்டுதானே."

அந்த மாதம்தான் என்னை இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள். இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து வந்த சில மாதத்தில் கிடைத்த பதவி. அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம் எனக்கு அதிகம். நான் சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முதல் தவறு அது. ஆனால் அது தவறு என்று அப்போது தெரியவில்லை, ஏனென்றால் நான் மிகவும் நியாயமாக நடந்துகொண்டேன்.

ஒரு மைலோ டின்னில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டு, ஞாயிறுதோறும் குலுக்கி எடுத்தேன். என் பெயரும் உள்ளே இருந்தது. சண்டை வரக்கூடாது என்று ஒரு விதியும் போட்டேன்: இந்தத் திறப்பு முறையை யாரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. நம் மையத்தில் மாற்றிக்கொள்வது சாதாரணம். சீனப் புத்தாண்டுக்குத் தமிழ்ப் பெண்கள் நிற்போம், தீபாவளிக்குச் சீனப் பெண்கள் நிற்பார்கள், மலாய்ப் பெண்களின் ஹரி ராயா பெருநாளுக்கு நாங்கள் இரண்டு கூட்டமும் நிற்போம். அந்தப் பழக்கத்தை இதில் மட்டும் நான் நிறுத்தினேன். நியாயம் என்றால் சீட்டுத்தான் என்று நம்பினேன்.

நிர்மலாவுக்கு வியாழக்கிழமை விழுந்தது. அவளுக்கு அப்போது ஆறு மாதக் கர்ப்பம். நான் பட்டியலை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, வியாழக்கெழம என் பேர எடுத்துட்டு வேற யாரையாச்சும் போடுங்கலா. காலையில எழுந்தா தல கிறுகிறுன்னு சுத்துது."

"சீட்டுல வந்துருச்சே நிர்மலா."

"எனக்கு ஆறு மாசம்னு சீட்டுக்குத் தெரியுமா?"

"உன் பேர எடுத்தா அந்த எடத்துல யார் பேரப் போடறது? அவ ஏன் எனக்குன்னு கேப்பால்ல. போன வாரம் நானும்தான் ரெண்டு நாள் திறந்தேன். பால் கட்டி நெஞ்செல்லாம் வலி. யார்கிட்ட சொன்னேன்?"

"சரிக்கா," என்று போய்விட்டாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

வியாழக்கிழமை ஏழு மணி இருக்கும். மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். ராஜு அங்கிள் போனில் அழைத்தார். துறைமுகத்தில் பாரம் தூக்கி வேலை செய்து ஓய்வு பெற்றவர், வாரம் மூன்று நாள் மான் பக்கத்தில் படுப்பவர். நம்மை மிஸி என்று கூப்பிட்டு, எப்போதும் கேலியாகத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று கேலி இல்லை.

"மிஸி, நிர்மலா மிஸி கீழ விழுந்துட்டாங்க. நாங்க நாலு பேரும் கட்டிப் போட்ட மாதிரி கெடக்கோம். யாரும் எந்திரிக்க முடியல. வாங்க."

பத்து லிட்டர் மருந்து நீர் டின்னைத் தூக்கும்போது விழுந்திருக்கிறாள். நெற்றி இயந்திரத்தின் காலில் இடித்திருக்கிறது. கையில் ஊசிகளோடு நான்கு பேர். மூன்றடி தூரத்தில் தரையில் ஒரு கர்ப்பிணி. முயல் பக்கத்திலிருந்த கமலம் ஆன்டி, அவள் கண்ணை மூடிவிடக் கூடாதென்று "நிர்மலா, நிர்மலா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். பண்டமாரானில் இருந்த என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். கணவர் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளையும் காரில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆம்புலன்சுக்கு வழியிலேயே சொல்லிவிட்டேன். நிர்மலா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "குலாம் அண்ணன் லைன்ல பிரஷர் ஏறுதுக்கா, பாருங்க," என்றாள். குலாம் அண்ணன் நான்காவது நோயாளி.

அவளுக்கு நெற்றியில் ஐந்து தையல். மூன்று நாள் ஆஸ்பத்திரி. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவன் ஓடுகிறான், கடிக்கிறான். நல்லபடியாக முடிந்தது என்பதால் என் தவறு சின்னதாகிவிடாது. அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

பாஸ் சொன்னார்: "பேபிக்கு ஒண்ணும் இல்லதானே? அப்ப பெருசு பண்ண வேணாம்."

அடுத்த மாதம் எங்களைப் பிரிக்பீல்ட்சில் ஒரு மண்டபத்துக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் நம் சுவரில் இருக்கும் அதே கதைகளைத் திரையில் காட்டினார். மான் கதையை அங்கேதான் ஒழுங்காகக் கேட்டேன். அதுவரை எனக்குத் தெரிந்தது படம் மட்டும்.

ராஜாவின் தோட்டத்தில் இரண்டு மான் கூட்டங்கள் அடைபட்டிருக்கின்றன. ராஜாவின் சமையலுக்குத் தினம் ஒரு மான் வேண்டும். துரத்தி அம்பெய்தால் பல மான்கள் காயப்படுகின்றன. அதனால் மான்களே ஒரு ஏற்பாடு செய்துகொள்கின்றன: சீட்டு விழுந்த மான் தானாகப் போய்க் கட்டையில் தலை வைக்க வேண்டும். ஒரு நாள் சினை மானுக்கு விழுகிறது. குட்டி பிறந்த பிறகு போகிறேன் என்று தன் தலைவனிடம் கெஞ்சுகிறது. அவன் சொல்கிறான்: உன் முறையை எடுத்து யார் தலையில் வைப்பது? அது மற்றக் கூட்டத்துத் தலைவனிடம் போகிறது. நீ உன் கூட்டத்துக்குத் திரும்பிப் போ என்று சொல்லிவிட்டு அந்தத் தலைவன் தானே போய்க் கட்டையில் தலையை வைக்கிறான்.

திரையில் அந்தப் படத்தோடு நின்றது. "இதுதான் தலைமை," என்றார் பயிற்சியாளர். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். நான் சொன்ன அதே வார்த்தைகளை ஒரு மான் சொல்லியிருக்கிறது. அதுவும் நான் பட்டியல் மாட்டிய ஆணிக்கு மேலேயே அந்தக் கதை இருந்திருக்கிறது.

திரும்பி வந்ததும் மைலோ டின்னைக் குப்பையில் போட்டேன். திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டத்திலும் என் பெயரை எழுதினேன். பாஸ் அந்தப் பட்டியலோடு என்னைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "நம் மான் ராஜா" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் கை கூப்பினார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. குற்றவுணர்வுக்கு அது நல்ல மருந்து. இரண்டு மாதம் தினமும் விடியுமுன் எழுந்து, சின்னவனுக்குப் பால் பிழிந்து வைத்துவிட்டு, அவன் எழுவதற்குள் கிளம்பினேன். பால் குறைந்தது. சொந்தப் பிள்ளையின் பாலைக் குறைத்துத் தியாகி ஆகிறேனா என்று காரில் யோசிப்பேன். அடுத்த சிக்னலில், நிர்மலாவின் நெற்றியை நினைத்துக்கொண்டு, இல்லை இதுதான் சரி என்பேன். அதற்கடுத்த சிக்னலில் மறுபடி சந்தேகம்.

ஒரு சனிக்கிழமை ராஜு அங்கிளின் நாற்காலி சாயவில்லை. அவரை முயல் பக்கத்தில் கமலம் ஆன்டியின் இடத்தில் படுக்க வைத்து, ஆன்டியை வேறு நாற்காலிக்கு மாற்றினேன். மாற்றியது நானே. ஆனாலும் டயலைசர் வைத்த தட்டுகளை எடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து எடுத்துவிட்டேன். டயலைசரை இயந்திரத்தில் பொருத்தி, ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"மிஸி, இதுல கமலம்னு போட்டிருக்கு," என்றார் அங்கிள். "தூங்கி எந்திரிச்சதுல நான் பொம்பளையாயிட்டேனா?"

ஊசியைத் தட்டில் வைத்தேன். ஒருவருடைய இரத்தம் ஓடிய குழாயை இன்னொருவருக்கு. அவருக்குக் கண்ணாடி இல்லாத நாளாக இருந்திருந்தால், அல்லது நான்கு பேரில் படிக்கத் தெரியாத ஒருவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி சரி. யார்கிட்டயும் சொல்லல. போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தேன். சரியான டயலைசரைப் போட்டேன். தவறு நடந்தால் அன்றே நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்தேன், மறுபடி மேசைக்குள் வைத்தேன். எழுதினால் பதவி போகும். தாதிப் பதிவுக்கே கேள்வி வரலாம். இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை, கணவரின் ஒற்றைச் சம்பளம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாஸ் சொன்ன வாக்கியம் என்பது மூன்று மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம். பயிற்சியில் இலவசமாகக் கொடுத்த சிறுவர் புத்தகத்தை மகள் யாழினி எடுத்து வந்தாள். மான் கதை. கட்டையில் தலை வைக்கும் பக்கம் வரை படித்தேன். எனக்கு அதோடு முடிந்துவிட்டது. புத்தகத்தை மூடப் போனேன்.

"அம்மா, மான் ராஜா செத்துப் போனா நாளைக்கு யாரு போவாங்க?"

"நாளைக்கா?"

"தினம் ஒண்ணு போகணும்னு சொன்னீங்கல்ல."

நான்கு வயதுக் குழந்தை கேட்டுவிட்டது. மண்டபத்தில் கை தட்டிய எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். கதை அங்கே முடியவே இல்லை. சமையல்காரன் ஓடிப்போய்ச் சொல்ல, ராஜா வருகிறான். உன்னையும் அந்தச் சினை மானையும் கொல்ல மாட்டேன் என்கிறான். மான் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போகவில்லை. என்னையும் அந்தச் சினை மானையும் விட்டீர்கள், மற்ற மான்கள் என்ன ஆகும் என்று கேட்கிறது. தோட்டத்து மான்களை விடுகிறேன் என்கிறான். வெளியே இருக்கும் மான்கள்? அவற்றையும். மற்ற மிருகங்கள்? பறவைகள்? மீன்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் வாக்கு வாங்கிய பிறகுதான் அது அந்த இடத்தை விட்டு நகர்கிறது.

அது கட்டையில் தலை வைத்தது அந்த ஏற்பாடு தடங்கல் இல்லாமல் நடக்க அல்ல. அந்த ஏற்பாட்டையே நிறுத்த. இரண்டு மாதம் நான் செய்தது நேர்மாறு. ஒற்றை ஆள் திறப்பு அழகாக நடக்க என் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் இருக்கும் வரை அவர்கள் ஆள் தேடவே மாட்டார்கள்.

நம் சுவரை இன்னொரு முறை பாருங்கள். அந்தக் கதைகளில் எதிலும் அரசன் கரையில் நின்றுகொண்டு வேறொரு குரங்கைப் பார்த்து நீ பாலமாகப் படு என்று சொல்லவில்லை. அந்தப் படங்களைக் காட்டி உங்களிடம் தியாகம் கேட்கிறவர் அதில் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை இரண்டு காகிதங்களோடு பாஸ் அறைக்குப் போனேன். ஒன்று, சனிக்கிழமை நடந்ததை என் பெயரோடு எழுதிய படிவம். நிர்மலா விழுந்ததையும் அதில் சேர்த்திருந்தேன், நான் அவளுக்குச் சொன்ன பதில் உட்பட. காரணம் என்ற கட்டத்தில் ஒற்றை ஆள் திறப்பு என்று எழுதியிருந்தேன். மற்றது அந்த வாரப் பட்டியல். ஆறு மணி வரிசை முழுக்கக் காலி.

அவர் முதல் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "ஊசிகூட ஏறல. எதுக்கு சிஸ்டர் இத எழுதறீங்க?"

"ஏறியிருக்கும் பாஸ்."

"கமிட்டிக்குப் போனா உங்க பேருதான் கெடும். எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு பிள்ளைங்க இருக்கு, யோசிங்க."

"யோசிச்சுதான் எழுதினேன்."

"உங்களப் போய் மான் ராஜான்னு போட்டேன் பாருங்க."

"அந்த மான் தலைய வச்சதோட நிக்கல பாஸ். மத்தவங்க என்ன ஆவாங்கன்னு கேட்டுச்சு. நானும் அதத்தான் கேக்கறேன். நான் விழுந்தா நாளைக்கு யாரு?"

"அது கதைம்மா. செவுத்துல இருக்கற படம்."

"அந்தப் படத்தக் காட்டித்தான எங்ககிட்ட வேலை வாங்கினீங்க."

அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. ரெண்டு பேர் கிடைக்கும் வரை எட்டு மணிக்குத் திறப்போம், ஆறு மணிக்கு ஒற்றை ஆளைப் போட்டு நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொல்லலாம், ஒன்றும் ஆகாது. படிவத்தின் நகலை அன்று மதியமே மேற்பார்வை டாக்டருக்கும் கமிட்டித் தலைவருக்கும் அனுப்பினேன்.

அடுத்த பத்து நாள் எனக்கு நன்றாக இருந்தது என்று நினைக்காதீர்கள். குலாம் அண்ணன் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை செய்பவர். காலையில் முடித்துவிட்டு மத்தியான வேலைக்குப் போகிறவர். எட்டு மணிக்குத் தொடங்கியதால் அவருக்கு எல்லாம் தள்ளிப்போனது. மூன்றாவது முறை வந்தபோது எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்களுக்குத் தூக்கம் வேணும்னா என் வேலை போகணுமா மிஸி?" மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலாளியிடம் கொடுக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ராஜு அங்கிள் தன் பக்கத்திலிருந்து, "டேய் குலாம், அன்னைக்கு அந்தப் பிள்ள தரையில கெடந்தப்ப நீ எந்திரிச்சியா? நான் எந்திரிச்சேனா? அப்ப பேசாம இரு," என்றார். குலாம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். வேறு வழி இருந்ததா என்று இன்றும் சில நாள் யோசிக்கிறேன்.

பதினோராம் நாள் ஏஜென்சியிலிருந்து இரண்டு தாதிகள் வந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேலாக ஆளே கிடைக்கவில்லை என்று சொன்ன இடத்துக்குப் பத்து நாளில் ஆள் கிடைத்தது. காலைத் திறப்புக்கு எப்போதும் இருவர் என்று கமிட்டி எழுத்தில் கொடுத்தது.

அதே கூட்டத்தில் என்னை இன்சார்ஜ் பதவியிலிருந்து எடுத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் தந்தார்கள். சரியாக ஆளைப் பார்க்காமல் டயலைசரைப் பொருத்தியது, நிர்வாகத்தின் அனுமதியின்றி நேரத்தை மாற்றியது என்று இரண்டு குற்றம். இரண்டுமே நான் செய்தவை. ஒரு பெண் தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தாள் என்பது அதில் எங்கேயும் இல்லை. பாஸ் பேனாவை நீட்டி, "கீழ ஒரு சைன்," என்றார். முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

"எனக்கு ஒரு காப்பி வேணும் பாஸ்," என்றேன்.

"இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவர் எழுந்து போய் நகலெடுத்துக் கொண்டு வரும் வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இங்கே இருந்த காலத்தில் அவர் எனக்காக எழுந்து போனது அந்த ஒரு முறைதான். அந்த நகல் என் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு ஒரே உறையில் இருக்கிறது. நீங்கள் யாராவது அப்படியொரு கடிதம் வாங்க வேண்டி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வந்து உட்காருகிறேன்.